மலையடியில் நிற்கும் மகளுக்கு

சுபா,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹென்றியைத் தேடும் பணியை நிறுத்தியது உன் மாமனார் அல்ல. அந்த முடிவை எடுத்தவர் மலைமீட்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். மலையடி வாகனத் தரிப்பிடத்தில் உன் மாமனார் வாயைத் திறப்பதற்கு முதல் நாள் மாலையே அவர் அதை எடுத்துவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் அந்த ஒருங்கிணைப்பாளரேதான். செவ்வாய்க்கிழமை பிற்பகல் தொலைபேசியில் சொன்னார். பெயரைப் போடாமல் எழுதலாம் என்றும் சொன்னார். அன்று காலை அங்கே நின்ற தொண்டர் ஒருவரைத் தேடிப்பிடித்துத் தனியாகவும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். நாற்பது வருடமாக நான் செய்கிற வேலை இதுதான் என்பது உனக்குத் தெரியும். ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். இருவர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால்தான் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என் தொலைபேசியை எடுப்பதில்லை. குறுஞ்செய்திக்கும் பதில் இல்லை. ஆனால் இந்தப் பத்தியை வாசிப்பாய். பன்னிரண்டு வயதிலிருந்து இதில் எழுத்துப்பிழை தேடி எனக்கு அனுப்பிக்கொண்டிருப்பவள் நீ. அதனால்தான் வீட்டு விஷயத்தை ஊர் வாசிக்கும் பத்திரிகையில் எழுதுகிறேன். ஊர் ஏற்கனவே கதைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே ஸ்காபரோவில், மார்க்கம் வீதி மரக்கறிக் கடையில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "சுபாவின்ரை மனிசன் செத்துப்போனாராம், உண்மையே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர், "சீ, அவர் ஆரோ வெள்ளைக்காரியோடை ஓடிப்போட்டாராம்" என்றார். ஆகவே வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்து, நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

என் மருமகன் ஹென்றி பிரித்தானிய இராணுவத்தில் மேஜர். அவருடைய தகப்பனும் பிரிகேடியராக இருந்து ஓய்வுபெற்றவர். பரம்பரையாகப் பிரபு பட்டம் உள்ள குடும்பம். அந்தப் பட்டம் ஹென்றிக்குத்தான் போக இருந்தது. அதைப்பற்றி அவர் ஒரு தடவைதான் என்னிடம் கதைத்தார், அதுவும் கூரை ஒழுகுகிற ஒரு பெரிய வீடு தன் தலையில் விழப்போகிறது என்பதற்காக. அல்பேர்ட்டாவுக்குப் பயிற்சிக்கு வந்த இடத்தில் முழங்காலில் அடிபட்டு, கல்கரியில் இயன்முறை மருத்துவராக இருந்த உன்னிடம் வந்தார். மற்றது உனக்குத் தெரியும். இந்த மாசி மாதக் கடைசியில், மறுபடி அங்கே வந்த ஒரு பயிற்சியின் முடிவில் நான்கு வீரர்களோடு பனிச்சறுக்குக்காக ரொக்கி மலையில் ஏறினார். ஒரு சரிவைக் கடக்கும்போது பனி பெயர்ந்து விழுந்தது. ஒரு இளம் வீரன் புதைந்தான். ஹென்றி அந்தச் சரிவுக்கு வெளியே பாதுகாப்பாக நின்றார். அவர் திரும்பி இறங்கிப் போய்த் தோண்டியிருக்கிறார். பையனின் முகம் வெளியே வந்த பிறகு மேலேயிருந்து பனி இரண்டாவது தடவை விழுந்தது. பையன் உயிரோடு இருக்கிறான். ஹென்றியைக் காணவில்லை. இந்தக் கடைசிப் பகுதிக்கு ஒரே ஒரு சாட்சிதான், பக்கத்தில் நின்ற கோப்ரல். அவரிடம் மூன்று விதமாகக் கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னார். இருந்தாலும் ஒருவர்தான் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

நான்காம் நாள் காலை அந்த வாகனத் தரிப்பிடத்தில் நீ நின்றாய். தொண்டர்கள் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முந்தின நாள் இலண்டனிலிருந்து வந்திறங்கிய கிழவர், அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தன் மகனுக்காக இன்னொருவருடைய மகன் இனி அங்கே ஏற வேண்டாம் என்றார். நீ அவரைப் பார்த்து, நீங்கள் ஒரு தகப்பனே இல்லை என்று கத்தினாய். பிறகு என்னிடம் தொலைபேசியில் அழுதாய். "அம்மா, அவர் ஸ்டாண்ட் டவுன், நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னவர். சொந்தப் பிள்ளையை. நாயைத் தேடுறதெண்டாலும் ஆக்கள் இன்னொரு நாள் தேடுவினம், அம்மா." நானும் அன்று உன்னோடு சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினேன். அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதிலிருந்த சொற்களை இங்கே எழுத முடியாது. ஒரே வரியில் பதில் வந்தது. நீங்கள் சொல்வது சரி என்று மட்டும்.

ஒருங்கிணைப்பாளர் சொன்னதை அப்படியே தருகிறேன். மூன்றாம் நாள் மாலை மேற்சரிவு முழுவதும் தளர்ந்துவிட்டது. ஹென்றியின் உடலில் கட்டியிருந்த சமிக்ஞைக் கருவியிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இனி ஆட்களை அனுப்பினால் அவர்களையும் தேட வேண்டிவரும் என்று அவர் முடிவெடுத்தார். அதைக் கிழவரிடம் சொல்லி, காலையில் உங்கள் மருமகளிடமும் நானே சொல்கிறேன் என்றார். கிழவர், அதை நான் சொல்லலாமா என்று கேட்டாராம். இவருக்கு விளங்கவில்லை. கிழவர் விளக்கினார்: அவள் இந்தச் சின்ன ஊரில் கன நாள் இருக்கப்போகிறாள். கோப்பிக் கடையிலும் எரிபொருள் நிலையத்திலும் உங்கள் ஆட்களின் முகத்தில்தான் முழிப்பாள். பனி உருகியதும் அவள் உங்களோடுதான் நிற்க வேண்டும். அவள் யாரையாவது வெறுத்துத்தான் ஆக வேண்டும். அது நானாக இருக்கட்டும், எனக்குப் பழக்கம்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டிருக்கிறார். என்னிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மறைத்திருக்கமாட்டேன். கிழவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்த அளவுக்கு அவருடைய இரகசியம் பத்திரமாக இருக்கட்டும்.

உன் கலியாணத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்காபரோ மண்டபத்தில் ஐயர் மந்திரம் தொடங்கியதிலிருந்து அறுகரிசி போட்டு வாழ்த்தி முடியும் வரை அந்த மனிதர் மணவறைக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நின்றார். சனம் கதிரைகளில் இருந்து கதைத்துக்கொண்டும், பாதிப் பேர் சாப்பாட்டு மேசைக்குப் போய் வந்துகொண்டும் இருக்க, அவர் மட்டும் பதக்கங்களோடு காவல் நின்றார். உன் பெரியம்மா சமையல்கட்டுப் பக்கமிருந்து, "உந்தக் கிழவனுக்கு ஆராவது ஒரு கதிரை போடுங்கோ பிள்ளையள், கால் முறிஞ்சு விழப்போகுது" என்று சத்தம் போட்டா. கதிரை வந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். பிறகு நான் கேட்டபோது, சடங்கு எங்கே முடிகிறது என்று தனக்குத் தெரியவில்லை, முடிய முன்னம் கதிரையில் உட்கார்ந்துவிட்டால் மரியாதை இல்லை என்றார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தோம். ஹென்றி அதை நடித்துக் காட்டுவார்.

அதே மண்டபத்தில் நடந்த இன்னொன்றையும் நீ மறந்திருக்கமாட்டாய். ஆராத்தி எடுக்கப் பெரியம்மா தட்டைத் தூக்கியபோது, எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதில், "அக்கா எடுக்கலாமோ? அவவின்ரை மனிசன்ரை விஷயம் என்னெண்டு தெரியாதுதானே" என்றாள். சத்தம் குறைவாகத்தான் சொன்னாள். பெரியம்மாவுக்குக் கேட்டுவிட்டது. தட்டை மேசையில் வைத்துவிட்டா. நீ மணவறையிலிருந்து இறங்கி வந்து தட்டை எடுத்து அவவின் கையில் கொடுத்து, "பெரியம்மா எடுக்காட்டி நான் திரும்ப மணவறையிலை ஏறமாட்டன்" என்றாய். அவ்வளவு பேருக்கு முன்னால். நான் உன்னைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

நீ பெரியம்மாவின் பக்கம் அப்படி நிற்பதுதான் இப்போது எனக்குப் பயம். உன் அப்பா இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி இறந்தார். நான் அழுதேன், சடங்கு செய்தேன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தேன். ஒரு நாள் எழும்பி உனக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டினேன். நான் விதவை, அவ்வளவுதான், அதற்கு ஒரு சொல் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அந்தச் சொல்லும் கிடைக்கவில்லை. பெரியப்பா போர்க்காலத்தில் கடலேரியைக் கடக்கப் படகில் ஏறினார், அந்தப் படகு அக்கரைக்குப் போகவில்லை. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்தேன். ஆசிரியர் என்னிடம் 'இறந்தார்' என்று எழுதுவதா என்று கேட்டார். ஆதாரம் இல்லை, 'காணாமல் போனார்' என்றே போடுங்கள் என்றேன். இன்றைக்கும் அதைத்தான் எழுதுவேன், அது சரியான சொல். ஆனால் அந்தச் சொல்லுக்குள் அக்கா முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறா. பொட்டு வைக்கிறா. தாலி போட்டிருக்கிறா. வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டை விட்டு ஒரு இரவுகூட வெளியில் தங்கமாட்டா, அவர் வந்தால் ஆள் இருக்க வேண்டுமாம். இரண்டு தடவை வீடு மாறக் கேட்டேன். விலாசம் மாறினால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டா. இந்த விலாசம் பெரியப்பாவுக்கு ஒருபோதும் தெரிந்திருக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொடக்க நாட்களில் பெரியம்மா உனக்குத் தினமும் தொலைபேசி எடுத்து என்ன சொன்னா என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். "அவன் போறன் எண்டு சொல்லேல்லை, போட்டு வாறன் எண்டுதான் சொன்னவன். நான்தான் பழக்கினனான். நீ ஒருத்தற்றை கதையையும் கேளாதை." ஹென்றி ஞாயிறு தவறாமல் அவவிடம் தமிழ் படித்ததும், கடைசியாகக் கதைத்தபோது, போய்விட்டு வருகிறேன் என்பதை அவவின் பேச்சிலேயே, "பெரியம்மா, போட்டு வாறன்" என்று சொன்னதும் உண்மை. அவ அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. நீ அவவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அதனால்தான் இதற்கடுத்ததை நீ கவனமாக வாசிக்க வேண்டும்.

உன் மாமனார் இலண்டனுக்குத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உனக்குச் சொல்லவில்லை, நீ கோபப்படுவாய் என்று. பன்னிரண்டாம் மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை, நடந்து ஏறி வந்திருந்தார். கதவடியில் சப்பாத்தைக் கழற்றி இரண்டையும் ஒரு கோட்டில் வைத்தார். பெரியம்மா அறைக்குள்ளிருந்து வெளியே வந்து அவரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தா.

"உவர்தானே தேடவேண்டாம் எண்டு சொன்ன மனிசன்?"

"அக்கா, மெல்லக் கதையுங்கோ."

"ஏன் மெல்ல? விளங்காதுதானே. விளங்கினாலும் விளங்கட்டும்."

என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். நான் சொல்லை மாற்றவில்லை, அப்படியே மொழிபெயர்த்தேன். ஆம், நான்தான் சொன்னேன் என்றார். அப்போது எனக்கு உண்மை தெரியாது. அந்த இடத்திலாவது அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லு, ஆறப்போகுது" என்று பெரியம்மா கோப்பையை அவர் பக்கம் தள்ளினா. அவர் குடித்தார். ஊர்த் தேவாலயச் சுவரில் அவர்கள் குடும்பத்தில் போரில் போனவர்களின் பெயர்கள் கல்லில் இருப்பதையும், அதில் உடல் கிடைக்காதவர்களும் உண்டு என்பதையும் சொன்னார். பாதிரியார் ஹென்றியின் பெயருக்கு இடம் ஒதுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். நினைவுக் கூட்டம் நடக்கப்போவதாக நீ கேள்விப்பட்டது இதிலிருந்துதான் வந்தது. பனி உருகும் வரை யாரும் சுவரைத் தொடக்கூடாது என்று தான் சொல்லிவிட்டதாகச் சொன்னார். தன் சிறிய தகப்பனார் ஒருவர் அப்படிக் காணாமல் போனபோது, தன் பாட்டி ஆறாவது கிழமையே கல்லை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்ல விடவில்லை என்றார். சிறிய தகப்பனார் எப்படிச் சிரிப்பார் என்று தனக்கு இன்றும் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெரியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். அவரும் இப்படித்தான் ஒருவரை இழந்தவர் என்று ஹென்றி சொல்லியிருக்கிறான், இதை எப்படிக் கடந்து வந்தார் என்று அறிய வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தா.

"நான் எங்கை கடந்தனான்? உவரிட்டைச் சொல்லு. நான் இன்னும் அந்தப் படகுத் துறையிலைதான் நிக்கிறன்."

அதை ஆங்கிலத்தில் இரண்டு தடவை தொடங்கித்தான் சொல்லி முடித்தேன். கேட்டதும் அந்த மனிதர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். கலியாணத்தில் நின்ற மாதிரி, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கதிரையில் இருங்கோ என்றேன். இருக்கவில்லை. பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "உவருக்கு இருக்கவே தெரியாதோ" என்றா. ஆனால் அவவின் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது.

அவர் போன பிறகு பெரியம்மா என்னிடம், "பிள்ளையை வரச்சொல்லு. என்னைப்போல நிக்க வேண்டாமெண்டு" என்றா. நீங்களே சொல்லுங்கோ அக்கா, உங்கடை சொல்லைத்தான் கேட்பாள் என்றேன். ஓம், நான் சொல்லுறன் என்றா. அன்றிலிருந்து தினமும் உனக்கு எடுக்கிறா. "சாப்பிட்டனியே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறா. சொல்ல வந்தது அதுவல்ல, சுபா. அதைச் சொன்னால், பெரியப்பா வரமாட்டார் என்று தானே தன் வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவவால் முடியவில்லை. அவவுக்காக நான் எழுதுகிறேன்.

இப்போது நான் கெஞ்ச வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை கடைசியாக நீ கதைத்தபோது, வரும் சனிக்கிழமை மலைப்பாதையை மறித்துப் போட்டிருக்கும் தடுப்பைத் தாண்டி ஏறப்போகிறேன், விடுதியில் சந்தித்த ஒருவர் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்திருக்கிறார் என்றாய். "மலையிலை ஏறினால்தான் எனக்கு மூச்சு வரும், அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த ஆளின் பெயரை ஒருங்கிணைப்பாளரிடம் விசாரித்தேன். வழிகாட்டும் அனுமதி அவருக்கு இல்லை. மேற்சரிவு முன்னைவிட மோசம், வெயில் ஏற ஏற ஒவ்வொரு நாளும் பெயர்கிறது. நீ போகக்கூடாது என்று உத்தரவிட எனக்கு வழியில்லை. நீ வளர்ந்தவள், நான் மூவாயிரம் கிலோமீற்றருக்கு இப்பால் மேசைக்கு முன்னால் இருக்கிறேன். ஒருங்கிணைப்பாளரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். என் மகள் ஏறி, ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள்? அவர் தயங்கவில்லை. நாங்கள் போவோம் என்றார். அந்தச் சரிவிலா என்றேன். உயிரோடு இருக்க வாய்ப்பிருந்தால் போவோம், வேறு என்ன செய்வது என்றார். சரிவு பாதுகாப்பில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர், சுபா, உனக்காக ஏறுவார். அவருடைய மகளுக்கு ஆறு வயது.

ஹென்றி அந்தப் பையனுக்காகத் திரும்பி இறங்கினார். அவருடைய தகப்பன் மற்றவர்களின் பிள்ளைகள் ஏறக்கூடாது என்பதற்காக உன் வெறுப்பை வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் வீட்டுப் பழக்கத்தில் எனக்கு ஒத்துவராதது எவ்வளவோ இருக்கிறது. அழமாட்டார்கள், விளக்கம் சொல்லமாட்டார்கள், கட்டிப்பிடிக்க வந்தால் கையை நீட்டுவார்கள். ஆனால் இந்த ஒன்றில் தகப்பனும் மகனும் ஒரே ஆள்தான். நீ அந்தக் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தவள். அந்தச் சரிவுக்கு இன்னொருவரை இழுத்துவிடாதே.

காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அக்காவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு. தாலியைக் கழற்று என்றோ கல்லில் பெயர் போடு என்றோ யாராவது சொன்னால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். காத்திரு. ஆனால் பெரியம்மாவுக்கு யாரும் கொடுக்காத ஒன்று உனக்கு இருக்கிறது, ஒரு பருவம். கடல் திருப்பித் தரவில்லை. பனி உருகும். அது வரைக்கும் கீழே நின்று காத்திரு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உன் மாமனாருக்கு ஒரு தடவை தொலைபேசி எடு. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் ஹென்றி எப்படிச் சிரிப்பார் என்று சொல்லு. அவர் அதைக் கேட்பார் என்று நினைக்கிறேன், எழும்பி நின்றுகொண்டு.

இனி, தெரியாதவை. ஹென்றி இறந்தாரா என்பதற்கு இன்று வரை உறுதிப்படுத்தல் இல்லை. அந்தச் சொல்லை நான் இந்தக் கடிதத்தில் அவருக்குப் பயன்படுத்தவில்லை, திரும்ப வாசித்துப் பார். சரிவு உறுதியானதும் மோப்ப நாய்களோடு தேடல் மீண்டும் தொடங்கும். ஆனி மாத முதற் பாதியில் என்று எதிர்பார்ப்பதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார், பனி பிந்தினால் பிந்தும். நான் அங்கே வருகிறேன், பெரியம்மாவும் என்னோடு வருகிறா. வீட்டில் ஆள் வேண்டாமா என்று கேட்டேன். கதவுத் திறப்பைக் கீழ்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, ஆர் வந்தாலும் இருக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டு வந்து பெட்டி அடுக்குகிறா. வெள்ளி மாலை விமானம். சனிக்கிழமை விடிய முன்னம் நாங்கள் இரண்டு கிழவிகளும் தடுப்புக் கம்பத்தடியில் நிற்போம். நீ அன்று எந்தப் பக்கத்தில் நிற்பாய் என்பது மட்டும் இதை எழுதி முடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா